வேலை தேடி அலைந்த கணித மேதை

படித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருக்கும் வாலிபர்கள் எந்த ஊரில்தான் இல்லை? ஸ்ரீமுஷ்ணத்திலும் இருக்கிறார்கள். பக்கத்து விருத்தாசலத்திலும் இருக்கிறார்கள். காலையில் எழுந்தால், இன்று என்ன செய்வது என்ற கேள்வி. மாலையில், இன்றும் ஒன்றும் நடக்கவில்லையே என்ற ஏக்கம். அம்மா ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் அப்பாவின் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடிவதில்லை.

பூவராகப் பெருமாள் கோயில் கொண்ட ஸ்ரீமுஷ்ணமும், பீங்கான் தொழிலுக்குப் பேர் போன விருத்தாசலமும், உலகளந்த பெருமாள் கோயில் கொண்ட திருக்கோவிலூரும் அந்த நாளில் ஒரே ஜில்லாவைச் சேர்ந்த ஊர்கள். தென்னாற்காடு ஜில்லா என்று அதற்குப் பெயர்.

1910-ம் ஆண்டில் இந்த ஜில்லாவுக்கு ஒரு வாலிபர் ரெயில் ஏறி வந்தார். கலியாணம் ஆனவர். உத்தியோகம் இல்லாதவர். கையில் சில நோட்டுப் புத்தகங்கள். எங்காவது ஒரு குமாஸ்தா வேலை கிடைக்காதா என்று கேட்பதற்காகத்தான் அவர் வந்தார்.

அவர் பெயர் ராமானுஜம். உலகம் கொண்டாடும் கணித மேதை அவர்தான்!

அவருடைய கணக்கின் பெருமை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் ஐந்து வருஷம் வேலை இல்லாமல் இருந்தார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த ஐந்து வருஷத்தையும் அவர் எப்படிக் கழித்தார்?

குமாஸ்தா வீட்டுப் பிள்ளை

ராமானுஜம் 1887-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி ஈரோட்டில், தாயார் பிறந்த வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். தகப்பனார் சீனிவாச அய்யங்கார் துணிக்கடையில் குமாஸ்தா. சம்பளம் மாதம் 20 ரூபாய். தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடுவார். வெளியூர் மாணவர்களை வீட்டில் தங்கவைத்துச் சோறு போட்டு, அதில் கொஞ்சம் பணம் சேர்ப்பார். சாரங்கபாணி சன்னதித் தெருவில் சின்ன வீடு.

பள்ளிக்கூடத்தில் ராமானுஜத்துக்கு நல்ல பெயர். 1904-ம் ஆண்டில் கணக்குக்காகப் பரிசு வாங்கினார். கல்லூரிக்குப் போக உபகாரச் சம்பளமும் கிடைத்தது.

அதோடு வந்தது வினை.

கணக்கைத் தவிர வேறு எந்தப் பாடத்தையும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. இங்கிலீஷில் தேறவில்லை. உபகாரச் சம்பளம் நின்றது. மனம் உடைந்து, வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார். மகனைக் காணோம் என்று பெற்றோர்கள் பத்திரிகைக்கு எழுதவேண்டி வந்தது. திரும்பி வந்து, சென்னையில் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். எப்.ஏ. பரீட்சை எழுதினார். தோல்வி. 1907-ல் மறுபடி எழுதினார். மறுபடியும் தோல்வி! உடற்கூறு பாடத்தில் அவர் வாங்கிய மார்க்கை வெளியில் சொல்ல முடியாது.

மேதை என்பதற்காக இதை நியாயப்படுத்த வேண்டியதில்லை. மற்றப் பாடங்களையும் கொஞ்சம் படித்திருந்தால் அந்த வீட்டில் அடுத்த ஐந்து வருஷக் கஷ்டம் வந்திராது. பிள்ளை பி.ஏ. தேறிவிட்டால் வீடு நிமிர்ந்துவிடும் என்று இருந்த ஏழைக் குடும்பம் அது.

திண்ணையும் சிலேட்டும்

பட்டம் இல்லை. ஆகவே உத்தியோகமும் இல்லை. 20 வயதுப் பிள்ளை வீட்டோடு வந்து உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் அவர் சும்மா உட்காரவில்லை.

வீட்டுத் திண்ணையில் காலை மடித்துக்கொண்டு உட்காருவார். மடியில் பெரிய சிலேட்டு. கையில் பலப்பம். தெருவில் பிள்ளைகள் கூச்சல் போட்டு விளையாடுவார்கள். அது அவர் காதில் விழாது. கணக்குப் போடுவார், அழிப்பார், மறுபடி போடுவார். துணியை எடுத்து அழித்தால் நேரம் ஆகிறது என்று முழங்கையால் அழிப்பார். அழித்து அழித்து முழங்கையே கறுத்துக் காய்த்துப் போயிற்று.

ஏன் சிலேட்டு? காகிதம் வாங்கக் காசு இல்லை! சிலேட்டில் வழியெல்லாம் போட்டுப் பார்த்து, முடிவை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார். காகிதம் கிடைக்காத சமயத்தில், முன்பே நீல மையில் எழுதிய தாளின் மேல் சிவப்பு மையில் எழுதியதும் உண்டு.

வீட்டில் எல்லோருக்கும் கவலை. தெருவில் போகிறவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? இரண்டு தரம் பரீட்சையில் தோற்றவன், வேலைக்குப் போகாமல் சிலேட்டும் கையுமாக உட்கார்ந்திருக்கிறானே என்றுதான் நினைத்திருப்பார்கள். சம்பளம் வராத வேலையை வேலை என்று யார் ஒப்புக்கொள்கிறார்கள்?

பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துச் சம்பாதிக்கலாம் என்று பார்த்தார். அதுவும் சரிப்படவில்லை. பரீட்சைக்கு வேண்டியதை மட்டும் சொல்லிக்கொடுக்க அவருக்குத் தெரியாது. ஒரு கணக்கில் ஆரம்பித்து எங்கேயோ போய்விடுவார். பையன் விழிப்பான். மறு மாதம் பையன் வரமாட்டான்.

1909-ம் ஆண்டு ஜூலையில் தாயார் அவருக்குக் கலியாணம் செய்துவைத்தார். பெண் பெயர் ஜானகி. அந்தக் கால வழக்கப்படி மிகச் சின்னப் பெண்; பத்து வயது. கணவன் வீட்டுக்கு வர இன்னும் சில வருஷம் ஆகும். ஆனாலும் இனி ராமானுஜம் தனி ஆள் இல்லை.

சில மாதத்தில் உடம்பு கெட்டது. அறுவைச் சிகிச்சை செய்யவேண்டும் என்றார்கள். வீட்டில் பணம் ஏது? 1910 ஜனவரியில் ஒரு டாக்டர் இரக்கப்பட்டு, கட்டணம் வாங்காமல் சிகிச்சை செய்தார். இன்னொரு தடவை சென்னையில் நோயாக விழுந்தார். ஊருக்குப் போவதுதான் நல்லது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கூடப் படித்த சிநேகிதர் ஒருவர் அவரை ரெயில் ஏற்றிவிட்டார். அப்போது ராமானுஜம் அந்தச் சிநேகிதரிடம் ஒன்றை ஒப்படைத்தார். நகையா, பணமா? இல்லை. நோட்டுப் புத்தகங்கள். தான் பிழைக்காமல் போனால் அவற்றைக் கணக்குப் பேராசிரியரிடம் சேர்த்துவிடும்படி கேட்டுக்கொண்டார். வேலை இல்லாத அந்த வருஷங்களில் அவர் சேர்த்த சொத்து அவ்வளவுதான்.

ஆஸ்திரியாவில் ஒரு கிராமம்

வேலை போய்விட்டால் மனிதர்களுக்கு என்ன ஆகிறது? இதை நேரில் பார்த்து எழுதியவர்கள் ஐரோப்பாவில் உண்டு. ராமானுஜம் காலமாகிப் பத்து வருஷத்துக்குப் பின் நடந்தது அது.

ஆஸ்திரியா தேசத்தில், வியன்னா நகரத்துக்குப் பக்கத்தில் மரியந்தால் என்று ஒரு சின்ன ஊர். ஊரே ஒரு ஆலையை நம்பி இருந்தது. ஆலையை மூடிவிட்டார்கள். ஊர் முழுவதும் வேலை இல்லை. மேரி யகோடா என்ற பெண்மணியும் அவருடைய தோழர்களும் அங்கே போய், ஜனங்கள் எப்படிக் காலம் கழிக்கிறார்கள் என்று பார்த்தார்கள். 1933-ம் ஆண்டில் அதைப் புத்தகமாக வெளியிட்டார்கள்.

நேரம் நிறைய இருந்தால் நிறையப் படிப்பார்கள் என்றுதானே நினைப்போம்? நடந்தது நேர்மாறு. நூல் நிலையத்தில் புத்தகம் எடுப்பது பாதியாகக் குறைந்துவிட்டது! ஆண்கள் தெருவில் மெதுவாக நடந்தார்கள். வழியில் நின்று நின்று போனார்கள். காலையிலிருந்து மாலை வரை என்ன செய்தோம் என்று கேட்டால் அவர்களால் சொல்ல முடியவில்லை. பெண்களோ விறுவிறு என்று நடந்தார்கள். ஏன்? அவர்களுக்குச் சமையல் இருந்தது, துவைக்கிற வேலை இருந்தது, குழந்தைகள் இருந்தார்கள்.

வேலை இல்லாமல் போனால் பணம் மட்டும் போவதில்லை. பொழுதே கையை விட்டுப் போய்விடுகிறது.

கும்பகோணத்துத் திண்ணையில் அப்படி நேரவில்லை. பசி இருந்தது. நோய் இருந்தது. ஊர்ப் பேச்சு இருந்தது. ஆனால் ஒரு நாளாவது என்ன செய்வது என்று ராமானுஜம் திகைக்கவில்லை. நேற்று பாதியில் விட்ட கணக்கு, காலையில் அவருக்காகக் காத்திருந்தது. முன்பு மனம் உடைந்து விசாகப்பட்டினத்துக்கு ஓடியவர், அதைவிடப் பெரிய கஷ்டம் வந்த இந்த வருஷங்களில், சிலேட்டைக் கீழே வைக்கவில்லை.

திருக்கோவிலூருக்கு ரெயில்

திண்ணையிலேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நோட்டுப் புத்தகத்தைக் கரையான் தின்றிருக்கும். ஸ்ரீமுஷ்ணத்துப் பெருமாளே மாசி மகத்துக்குக் கிள்ளைக் கடற்கரை வரை புறப்பட்டுப் போகிறார். மனிதன் வீட்டுக்குள் இருந்தால் எப்படி?

1910-ல் ராமானுஜம் புறப்பட்டார். கும்பகோணத்தில் ரெயில் ஏறினார். சிதம்பரம், கடலூர் வழியாக விழுப்புரம். அங்கே வண்டி மாறித் திருக்கோவிலூர்.

திருக்கோவிலூரில் அப்போது டிப்டி கலெக்டராக இருந்தவர் வி. ராமசாமி அய்யர். அவருக்குக் கணக்கில் அபார ஆசை. 1907-ல் இந்தியக் கணித சங்கத்தை ஆரம்பித்தவரே அவர்தான். ராமானுஜம் அவரிடம் போனது காரணத்தோடுதான். எந்த அதிகாரியிடமும் போய் மனு கொடுக்கலாம். ஆனால் அந்த நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தால் புரிந்துகொள்ளக்கூடிய அதிகாரி யார்? அவரையல்லவா தேடிப் போகவேண்டும்!

ராமானுஜம் கேட்டது பெரிய பதவி அல்ல. ஏதாவது ஒரு குமாஸ்தா வேலை.

ராமசாமி அய்யர் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் ஆச்சரியம்.  அவர் நினைத்திருந்தால் அன்றைக்கே தாலுகா ஆபீசில் ஒரு மூலையில் உட்கார வைத்திருக்கலாம். அவர் அதைச் செய்யவில்லை. இந்த மூளையை ரெவின்யூ இலாகாவின் கடைசிப் படியில் கொண்டுபோய்ப் புதைக்க அவருக்கு மனம் வரவில்லை. சென்னையில் இருந்த கணக்கு நண்பர்களுக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

வேலை தேடி வந்தவருக்குக் கிடைத்தது கடிதம்! அன்று திரும்பும்போது ராமானுஜத்துக்கு ஏமாற்றமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அந்தக் கடிதம்தான் கதவைத் திறந்தது.

கலெக்டரிடம் நாலு தடவை

சென்னையில் பேராசிரியர் சேஷு அய்யர். அவருக்கு ராமானுஜத்தை முன்பே கும்பகோணம் கல்லூரியில் தெரியும். அவர் நெல்லூர் கலெக்டர் திவான் பகதூர் ஆர். ராமச்சந்திர ராவிடம் அனுப்பினார். இவரும் கணக்குப் பித்தர். கணித சங்கத்தின் காரியதரிசி.

கலெக்டருக்கு முன்னால் போய் நின்ற கோலத்தை நினைத்துப் பாருங்கள். குள்ளமான உருவம். பருத்த உடம்பு. முகச் சவரம் இல்லை. உடை அழுக்கு. கண்கள் மட்டும் பளபள என்று மின்னின. கக்கத்தில் கிழிந்துபோன நோட்டு.

கலெக்டருக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. எழுதியிருப்பது மேதையின் வேலையா, வெறும் பிதற்றலா? ராமானுஜம் மறுபடி போனார். மறுபடியும் போனார். சுலபமான கணக்கில் ஆரம்பித்து, படிப்படியாகக் கஷ்டமானவற்றை விளக்கினார். நாலாவது தடவையில் கலெக்டரின் சந்தேகம் தீர்ந்தது.

என்ன வேண்டும் என்று கேட்டார். சாப்பாட்டுக் கவலை இல்லாமல் கணக்குப் போட ஒரு வழி வேண்டும் என்றார் ராமானுஜம்.

ராமச்சந்திர ராவ் தம் சொந்தப் பணத்திலிருந்து மாதம் 25 ரூபாய் கொடுத்தார். ராமானுஜம் திருவல்லிக்கேணியில் சம்மர் ஹவுஸ் என்ற வீட்டில் சிநேகிதர்களோடு தங்கிக்கொண்டு கணக்குப் போட்டார்.

அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். அப்படி இருக்கவில்லை. 1911-ம் ஆண்டில் இந்தியக் கணித சங்கத்தின் பத்திரிகைக்குக் கணக்குகள் அனுப்ப ஆரம்பித்தார். வாசகர்களுக்கு ஒரு புதிர் போட்டார். வர்க்கமூலத்துக்குள் ஒரு வர்க்கமூலம், அதற்குள் இன்னொன்று, அதற்குள் மற்றொன்று என்று முடிவே இல்லாமல் போகும் கணக்கு அது. பார்த்தாலே தலை சுற்றும். ஆறு மாதம் ஆயிற்று. ஒருவரும் விடை அனுப்பவில்லை. விடை என்ன தெரியுமா? வெறும் 3!

அதே வருஷத்தில் அவருடைய முதல் கட்டுரையும் அச்சில் வந்தது. பெர்னூலி எண்கள் என்பவற்றைப் பற்றியது. அவர் எழுதும் முறை மற்றவர்களுக்கு விளங்குவதாக இல்லை. பத்திரிகை ஆசிரியர் திருப்பித் திருப்பி அனுப்பினார். ராமானுஜம் திருத்தித் திருத்தி எழுதினார். பரீட்சைக்குப் படிக்க மறுத்தவர், பிறருக்குப் புரியும்படி எழுதக் கற்றுக்கொண்டது அப்போதுதான். வேலை இல்லாத காலத்தில் அவர் கற்ற பெரிய பாடம் இதுதான் என்று தோன்றுகிறது.

ஒரு மனுவின் கதை

1912 தொடக்கத்தில் அக்கவுண்டெண்ட் ஜெனரல் ஆபீசில் தற்காலிக வேலை கிடைத்தது. சம்பளம் 20 ரூபாய். சில வாரம்தான்.

பிப்ரவரி 9-ந் தேதி சென்னைத் துறைமுகத்துக்கு ஒரு மனு எழுதினார். குமாஸ்தா வேலை காலியாக இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தார்.

வேலை தேடுகிறவர்களுக்குத் தெரியும், மனுவில் எழுதக் கஷ்டமான இடம் எது என்று. இத்தனை வருஷம் என்ன செய்துகொண்டிருந்தாய் என்ற கேள்விக்குப் பதில் எழுதும் இடம்! ராமானுஜம் என்ன எழுதினார்? மெட்ரிகுலேஷன் தேறியதையும், எப்.ஏ. வரை படித்ததையும் எழுதினார். பல தடைகளால் படிப்பைத் தொடர முடியவில்லை என்பதை மறைக்காமல் எழுதினார். அதற்குப் பிறகு தம் நேரம் முழுவதையும் கணிதத்துக்குச் செலவிட்டு அதை வளர்த்துவந்ததாக எழுதினார். கூடவே, மாகாணக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் துரை கொடுத்த நற்சாட்சிக் கடிதத்தையும் வைத்தார்.

30 ரூபாய்க் குமாஸ்தா வேலைக்கு அப்படி ஒரு மனு வந்திருக்காது!

துறைமுகத்தில் தலைமைக் கணக்கர் எஸ். நாராயண அய்யர். அவரும் கணித சங்கத்தைச் சேர்ந்தவர்தான். ராமானுஜத்தின் பெயர் அவருக்குத் தெரியாததல்ல. 1912 மார்ச் 1-ந் தேதி ராமானுஜம் வேலையில் சேர்ந்தார். கணக்குப் பகுதியில் குமாஸ்தா. மாதம் 30 ரூபாய். தகப்பனார் வாங்கியதைவிடப் பத்து ரூபாய் கூட!

ஜானகி வந்து சேர்ந்தார். குடித்தனம் ஆரம்பமாயிற்று.

வேலை கிடைத்ததும் சிலேட்டைத் தூக்கிப் போட்டாரா? இல்லை. ஆபீஸ் வேலை முடிந்த நேரத்தில் கணக்கு. துறைமுகத்தில் மூட்டை கட்டும் காகிதம் கிடந்தால், கணக்குப் போட உதவும் என்று தேடி எடுப்பார். இரவில் நாராயண அய்யர் வீட்டில், மேலதிகாரி கையில் ஒரு சிலேட்டு, குமாஸ்தா கையில் ஒரு சிலேட்டு. இரண்டு பேரும் நடுநிசி நெருங்கும் வரை கணக்குப் போடுவார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது உலகம் அறிந்த கதை. கேம்பிரிட்ஜில் இருந்த இரண்டு கணித அறிஞர்களுக்கு எழுதினார். பயன் இல்லை. 1913 ஜனவரி 16-ந் தேதி ஹார்டி என்பவருக்கு எழுதினார். துறைமுகக் குமாஸ்தா என்றே தம்மை அறிமுகம் செய்துகொண்டார். கடிதத்தோடு அனுப்பிய கணக்குகள் பெரும்பாலும் அந்த நோட்டுப் புத்தகங்களில் சேர்த்துவைத்தவைதான். ஹார்டி பார்த்தார்; அசந்துபோனார். சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உபகாரச் சம்பளம் கொடுத்தது. 1914 மார்ச்சில் கப்பல் ஏறினார். 1918-ல் இங்கிலாந்தின் ராயல் சொசைட்டி அவரை அங்கத்தினர் ஆக்கியது. எப்.ஏ. தேறாதவருக்கு எப்.ஆர்.எஸ்!

உடம்புதான் ஈடுகொடுக்கவில்லை. 1919-ல் நோயாளியாகத் திரும்பினார். 1920 ஏப்ரல் 26-ந் தேதி சென்னை சேத்துப்பட்டில் காலமானார். வயது 32. கடைசி வருஷத்திலும் படுக்கையில் கணக்குப் போட்டார். அந்தத் தாள்கள் கேம்பிரிட்ஜ் நூல் நிலையம் ஒன்றில் 1976-ம் ஆண்டு வெளிப்பட்டன. திண்ணையில் எழுதிய நோட்டுப் புத்தகங்களை 1957-ல் பம்பாயில் அப்படியே படம் பிடித்து அச்சிட்டார்கள். அவற்றில் உள்ள கணக்குகளை ஒவ்வொன்றாக நிரூபிக்க அமெரிக்கப் பேராசிரியர் புரூஸ் பெர்ண்ட்டுக்கு ஐந்து பெரிய புத்தகங்கள் தேவைப்பட்டன.

ராமானுஜம் மறைந்தபோது ஜானகி அம்மாளுக்கு வயது 21. குழந்தை இல்லை. படிப்பும் அதிகம் இல்லை. பம்பாயில் இருந்த சகோதரர் வீட்டில் சில வருஷம் இருந்தார். அங்கே தையல் கற்றுக்கொண்டார். பிறகு சென்னைக்கு வந்து, கணவர் ஒரு காலத்தில் வேலை இல்லாமல் இருந்த அதே திருவல்லிக்கேணியில் குடியேறினார். தையல் மெஷின் ஒன்றை வைத்துத் துணி தைத்துக் கொடுத்தார். பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தார். ஒரு பையனையும் எடுத்து வளர்த்து ஆளாக்கினார். 1994-ம் ஆண்டு, 95-வது வயதில் காலமானார்.